லாரிக்குள்ளே ஓர் இழுப்புக் கட்டில்



என் அப்பா லாரி டிரைவர். மாதத்தில் 20 நாள் அவர் தூங்குவது லாரிக் கட்டிலில்தான். அதை எப்படிப் பராமரிப்பது என்று எழுதுகிறேன்.

எங்கள் லாரியில் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதன் அடியில் மேசை டிராயர் மாதிரி இன்னொரு பலகை. இரண்டு பக்கமும் இரும்பு ஆங்கிள் மேல் நகரும். முன்னால் இழுத்து, இரண்டு மடக்குக் கால்களை இறக்கி, காலுக்கு ஒரு பின் சொருகினால் கட்டில் தயார். வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வண்டி வீடுகளிலும் இழுப்புக் கட்டில் உண்டு.

போன ஆடி மாதம் அப்பா படுக்க உட்கார்ந்தபோது ஒரு கால் மடங்கிக் கட்டில் சரிந்துவிட்டது. தோளில் நல்ல அடி. 15 நாள் வண்டி ஓட்டவில்லை, வருமானமும் இல்லை. பின் ஆடுவது அவருக்கு முன்பே தெரியும். "அடுத்த நடை வந்து பாத்துக்கலாம் கண்ணு" என்று தள்ளிப் போட்டுவிட்டார்.

ஏன் சரிந்தது? நாம் படித்த நெம்புகோல்தான் காரணம். பாதிப் பலகை வெளியே நீட்டியிருக்கும்போது ஓரத்தில் உட்கார்ந்தால் உள்முனை மேலே தூக்கும். அதைத் தடுப்பது கால்கள்தான். கால் உறுதியாக நின்ற பிறகே உட்கார வேண்டும்.

பட்டறை அண்ணன் சொல்லித் தந்தவை:

1. ஆங்கிளில் சேரும் மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். கிரீஸ் தடவினால் புழுதி ஒட்டி இரும்பை அராவும். மெழுகுவர்த்தி தேய்த்தால் போதும்.

2. ஒரு ஓரமாக இழுத்தால் பலகை கோணிக்கொண்டு சிக்கும். நடுவில் பிடித்து இழுக்க வேண்டும்.

3. வண்டி அதிர அதிர நட்டு கழலும். நட்டுக்கு மேல் இன்னொரு நட்டுப் போட்டு இறுக்க வேண்டும்.

4. பின் போகும் துளை தேய்ந்து முட்டை வடிவம் ஆகிவிட்டால் கம்பி கட்டிச் சமாளிக்கக் கூடாது. வெல்டிங்கில் அடைத்துப் புதுத் துளை போட வேண்டும். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும்.

5. மழைத் தண்ணீர் இறங்கினால் பிளைவுட் உளுத்துப் போகும். விரலால் தட்டினால் "டக் டக்" என்றால் நல்லது. "பொத் பொத்" என்றால் மாற்ற வேண்டும். பெயிண்ட் அடித்து மறைப்பது வீண்.

நான் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு நட்டிலும் அதன் அடித்தகட்டிலும் சேர்த்து நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டேன். கோடு விலகினால் நட்டு கழன்றிருக்கிறது என்று அர்த்தம். போன வாரம் ஒரு கோடு விலகியிருந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

நம் பள்ளியில் டிரைவர் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறோம். அப்பா வீட்டுக்கு வரும்போது அவர் கட்டிலையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். அவர் நன்றாகத் தூங்கினால்தான் நாமும் நிம்மதியாகத் தூங்கலாம்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி