ஒளிவாளின் ஆளி

பொறியொன்றினைக் காண்போர் அதன் பகட்டையே முதலிற் காண்பர். அதனை இயக்கும் சிற்றுறுப்பைக் கருதுவோர் சிலரேயாவர். உலோகக் குழாயைக் கடைந்து, தம் விருப்பிற்கேற்ற ஒளிவாட்பிடி அமைத்துக்கொள்ளும் இளைஞர் இந்நாளிற் பல தேசங்களிலும் உளர். அலகின் நிறத்தையும் ஓசையையும் பற்றி அவர் நெடிது ஆராய்வர். ஆயின், வாள் நெடுநாள் உழைப்பதும் ஊறு விளையாதிருப்பதும் பெருவிரலின் கீழுள்ள ஆளியையே பெரிதும் சார்ந்தன. அதனைப் பொருத்தும் முறையையும் காரணங்களையும் ஈண்டு விளக்குவாம்.

ஒளிவாள், 1977ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்ரார் வோர்ஸ்' என்னும் ஜோர்ஜ் லூக்காஸின் திரைப்படத்தாற் புகழ்பெற்ற கற்பனைப் படைக்கலமாகும். கதாநாயகனின் வாட்பிடியை ஆக்கியவர் றோஜர் கிறிஸ்ரியன் என்பார். புகைப்படத்துக்கு ஒளி பாய்ச்சும் பழைய கிராபிளெக்ஸ் விளக்கின் கைப்பிடியை லண்டன் நகரக் கடையொன்றிற் கண்டு, கரிய பட்டிகளை ஒட்டி, அதனையே வாட்பிடியாக்கினார். மின்கலங்களை உள்ளடக்கிச் செந்நிறப் பொத்தானுடன் விளங்கியது அக்கைப்பிடி. எனவே, கற்பனை வாளின் மூதாதை உண்மையில் ஆளி பொருத்திய மின்கலக் குழாயே. திரையில் அலகின் ஒளியைப் பின்னர்ப் படச்சுருளிற் சேர்த்தனர். ஆதலின் அப்பொத்தானுக்கு ஆங்கு வேலையில்லை. இன்று செய்யப்படும் வாளோ மெய்யாகவே ஒளிர வேண்டும்.

ஆளிகள் இருவகையின. ஒருமுறை அழுத்தினால் மூடியவாறே நின்று, மறுமுறை அழுத்தத் திறப்பது நிலையாளி. விரலை எடுத்தவுடன் திறந்துகொள்வது கணவாளி. எதனைத் தெரிதல் வேண்டும் என்பது, ஆளியினூடாக எவ்வளவு மின்னோட்டம் செல்லும் என்பதைப் பொறுத்தது.

எளிய வாளில், ஒளிகாலும் இருவாயி ஒன்றே பிடியினுள் இருந்து அலகுக்கு ஒளி பாய்ச்சும். அது கொள்வது ஓர் அம்பியர் அளவே. மின்சூளிற் போல, இங்கு மின்கலமும் விளக்கும் ஆளியும் தொடராக இணையலாம். ஓர் அம்பியருக்கு மேல் தாங்கவல்ல நிலையாளி போதுமானது.

அலகின் உள்ளேயே விளக்குப் பட்டிகள் செல்லும் வாளின் நிலை வேறு. மீற்றருக்கு 144 விளக்குகள் கொண்ட பட்டிகள் இரண்டு முதுகொட்டி நின்றால் மொத்தம் 288 விளக்குகள். ஒரு நிறத்தில் ஒளிரும்போது ஒவ்வொன்றும் 20 மில்லி அம்பியர் கொள்ளுமாயின், மொத்தம் ஏறத்தாழ 5.8 அம்பியர் ஆகின்றது. சிறு தொட்டாளிகள் பலவும் 50 மில்லி அம்பியருக்கே அமைந்தவை. நூறு மடங்குக்கு மேற்பட்ட சுமையை அவற்றின்மீது ஏற்றினால் தொடுகைகள் கருகும். அன்றி உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஆளியால் வாளை அணைக்கவும் இயலாது.

இதற்கு மாற்று, கட்டளையையும் சுமையையும் பிரித்துவிடுதலாம். கணவாளியின் ஒரு கம்பியை ஆளுகைப் பலகையின் உள்ளீட்டிலும், மற்றையதை அதன் எதிர்முனையிலும் இணைப்பர். விரல் அழுத்துகையில் மிகச் சிறிய ஓட்டமே ஆளியினூடே செல்லும். அக்குறிப்பை உணர்ந்து, பலகையிலுள்ள திரான்சிற்றர்கள் பேரோட்டத்தைத் திறந்துவிடும். மோட்டார் வண்டியின் திறவுகோல் தொடக்கியின் பேரோட்டத்தைத் தான் தாங்காது, இடைநின்ற ஆளியொன்றுக்கு ஏவல் மாத்திரம் இடுவதும் இம்முறையே.

இனிப் பொருத்தும் வகையைக் கூறுவாம். துளையிடுமுன் அளத்தல் வேண்டும். குழாயின் உள்விட்டம் 32 மில்லிமீற்றர் என்க. 18650 என்னும் இலிதியக் கலத்தின் விட்டம் 18 மில்லிமீற்றர். கலம் ஒருபக்கம் ஒட்டிக் கிடந்தாலும் எஞ்சுவது 14 மில்லிமீற்றரே. ஆளியின் உடல் 20 மில்லிமீற்றர் நீளமாயின், கலத்தின் நேர்மேலே அதற்கு இடமில்லை. கலத்துக்கு அப்பால் அலகுப் பக்கமாக அமைத்தல் வேண்டும். துளையிடும் வேலை முழுவதும் மின்னுறுப்புக்களை உள்ளிடுமுன் முடிதல் வேண்டும். முதலிற் சிறு துளையிட்டுப் படிப்படியாகப் பெருப்பித்து, விளிம்பின் பிசிறை அரத்தால் அராவி, உலோகத் தூளை முற்றாகத் துடைத்தகற்றுக. ஆளியின் விளிம்பு படியும் வளைபரப்பைச் சிறிது தட்டையாக்கினால் ஆளி ஆடாது நிற்கும்.

ஆளியைச் சூழ ஒளிவளையம் உளதாயின் அதற்குத் தடையி வேண்டும். நிறைந்த கலம் 4.2 வோல்ற்று, நீல வளையம் 3.2 வோல்ற்று. எஞ்சிய 1 வோல்ற்றுக்கு 10 மில்லி அம்பியர் செல்ல, 100 ஓம் தடையி பொருந்தும். பற்றாசு வைக்குங்கால் விரைவு தேவை. நெடுநேரம் சூடேற்றினால் ஆளியின் பிளாத்திக்கு உடல் இளகி, தொடுகை பிசகும்.

யாவற்றினும் மேலான எச்சரிக்கை ஒன்றுண்டு. பிடி உலோகமாதலின் அதுவே ஒரு கடத்தி. காவலியிழந்த கம்பிகள் குழாயைத் தொட்டுக் குறுஞ்சுற்று நேருமாயின், இலிதியக் கலம் பற்பல அம்பியர்களைக் கணத்திற் பாய்ச்சும். கலம் கொதித்துத் தீப்பற்றவுங் கூடும். அதனைப் பற்றியிருப்பது பெரும்பாலும் ஒரு சிறுவனின் கையன்றோ! ஆகவே, ஒவ்வோர் இணைப்பையும் வெப்பத்தாற் சுருங்கும் உறையால் மூடுக. காப்புச் சுற்றுடைய கலத்தையே கொள்க. நேர்க்கம்பியில் உருகி வைக்க. கலத்தை இடுமுன், கம்பிகளுக்கும் குழாய்க்கும் இடையே தொடர்பின்மையை மானியால் அறிந்துகொள்க.

மாணவர்காள், விஞ்ஞானகூடத்தில் ஒரு கலமும் ஒரு விளக்கும் ஓர் ஆளியுங் கொண்டு பயின்ற பாடமே இவ்வாளினுள்ளும் இருக்கின்றது. ஏவுவது எது, தாங்குவது எது என்று தெளிந்து செய்பவன் கையில் விளையாட்டுப் பொருளும் கல்வியாகும். தெளியாதவன் கையில் அது தீயாகும்.