கொப்பரை ஏன் உருகவில்லை?

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை உச்சியில் ஜோதி தெரிகிறது. கீழே "அரோகரா" கோஷம் வானைப் பிளக்கிறது. தீபம் ஏற்றும் உரிமை பர்வத ராஜகுலத்தாருடையது.

ஜோதி எரிவது ஆளுயரத் தாமிரக் கொப்பரையில். பதினொரு நாள் தீபத்துக்குச் சமீப ஆண்டுகளில் 3,500 கிலோ நெய்யும் அதற்கு மேலும் மலையேறுகிறது. திரிக்கு ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணி. இத்தனை நெருப்பில் கொப்பரை உருகிவிடாதா?

முதலில் உருக வேண்டியது நெய். மலையின் உயரம் 2,668 அடி. கார்த்திகைக் குளிரில் அங்கே நெய் உறைந்துவிடும். உறைந்த நெய் திரியில் ஏறாது. அதனால்தான் கற்பூரத்தின் துணை வேண்டியிருக்கிறது. டப்பாவில் வைத்த கற்பூரம் நாளடைவில் காணாமற் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது உருகாமலே ஆவியாகும் பொருள். அந்த ஆவி சட்டென்று தீப்பற்றும். அந்தச் சூட்டில் நெய் உருகித் திரியில் ஏறும்.

பனிக்கட்டி 0 டிகிரி சென்டிகிரேடில் உருகும். நெய்க்கு அப்படி ஒரே கணக்கு இல்லை. அது பல கொழுப்புகளின் கலவை. ஒன்று முன்னால் இளகும், ஒன்று பின்னால். 40 டிகிரிக்குள் எல்லாம் தெளிந்துவிடும். இடைப்பட்ட நிலையில்தான் அது மணல் மணலாக நிற்கிறது. மணல் விட்டிருந்தால் சுத்தமான நெய் என்று பலர் நம்புகிறார்கள். அது போதாது. வனஸ்பதி தயாரிப்பாளர்களும் அதன் உருகுநிலையை நெய்க்கு அருகிலேயே அமைத்தார்கள்!

இனி, கொப்பரை. தாமிரம் உருக 1,085 டிகிரி வேண்டும். சுடரின் சூடு ஆயிரத்தை நெருங்கலாம். ஆனால் அத்தனையும் கொப்பரையைச் சேர்வதில்லை. உள்ளே நெய் இருக்கும்வரை, சேரும் சூட்டை அது வாங்கிக்கொள்கிறது. தாமிரம் உருகும் சூட்டை எட்டுவதற்கு வெகு முன்பே நெய் ஆவியாகி எரிந்துபோகும்.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் பெண்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஈயச் சொம்பு என்பது உண்மையில் வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசம் இருக்கும்வரை சூடு நூறு டிகிரிக்கு மேல் அதிகம் போகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் நின்று பேசினால், திரும்பி வரும்போது சொம்பு இருக்காது!

பதினொரு நாள் கழித்துக் கொப்பரை முழுசாகக் கீழே இறங்குகிறது. தீபத்தின் கரி மையாகி, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டபின் பக்தர்களுக்குக் கிடைக்கிறது.