நோயுற்ற குழந்தைகளின் வாய்நலமும் உமிழ்நீரும்

நீடித்த நோயுள்ள குழந்தையை வளர்க்கும் பெற்றோர், மருந்திலும் பத்தியத்திலும் செலுத்தும் கவனத்தில் சிறு பங்கினைக்கூட அதன் வாயின்மீது செலுத்துவதில்லை. பெரிய நோயின்முன் பல்லின் குறை சிறிதாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் இவையிரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

உமிழ்நீர் வெறும் நீரன்று. அது உணவுத் துகள்களைக் கழுவுகிறது. கிருமிகள் சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலத்தை முறிக்கிறது. அவ்வமிலத்தில் கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்கு மீண்டும் ஊட்டுகிறது. வாய்க்கால் வறண்டால் பயிர் வாடுதல்போல, உமிழ்நீர் குன்றினால் பற்கள் சிதையும். உறக்கத்தில் அது இயல்பாகவே மிகவும் குறைகிறது.

நீரிழிவுள்ள குழந்தைக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது சிறுநீர் அதிகமாகக் கழிந்து நா வறளும். ஈறு சிவந்து வீங்கும். ஈற்றில் சீழ் பிடித்தாலோ, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே கடினமாகிவிடும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்துகளுள் சில உமிழ்நீரைக் குறைப்பன. ஸ்டீராய்டு மருந்தினால் வாயில் வெண்படலம் தோன்றலாம். சிறுநீரக நோயில் மாறுதல் வேறு விதமானது. உமிழ்நீரில் யூரியா மிகுந்து அம்மோனியாவாக மாறுவதால் வாய் நாறும், பற்காறை படியும். சொத்தை சிலருக்குக் குறைவாகவே இருக்கும்; அதனால் ஈறும் நலமென்று எண்ணிவிடலாகாது.

மருந்தை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது ஆபத்தாகும். செய்யத்தக்கவை எளியவையே. உறிஞ்சு மருந்துக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பச் செய்க. இனிப்பு மருந்தை இரவில் கொடுத்தால், கொடுத்த பின்னரே பல் துலக்குக. சர்க்கரையற்ற வகை உண்டா என மருத்துவரிடம் கேட்டறிக. ஃபுளூரைடு பற்பசையைக் காலையும் இரவும் பயன்படுத்துக. மூன்று வயதுக்குள் அரிசியளவும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். கரி, செங்கற்பொடி ஆகியவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். வறட்சிக்கு அடிக்கடி தண்ணீர் நன்று. சிறுநீரக நோயுள்ள குழந்தைக்கு மட்டும் நீரின் அளவு மருத்துவர் சொற்படியே அமைய வேண்டும்.

பிறவி இருதயக் கோளாறு இருப்பின், பல் பிடுங்குமுன் அதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். வாய்க்கிருமி இரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தாக்கக்கூடும்.

அறுந்த இழையை அப்பொழுதே முடிந்தால் பாவு கெடுவதில்லை என்பதை நெசவாளர் நன்கறிவர். குழந்தை வலியால் அழுமுன்பே அதன் வாயைத் திறந்து பார்ப்போமாக.