சட்டம் கைவிட்ட 420

"அவன் சரியான ஃபோர் ட்வென்டி" என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பக்கம் போகாத பாட்டிக்கும் புரியும். அந்த எண்ணைத் தந்த சட்டப்பிரிவோ 2024 ஜூலை 1 அன்று போய்விட்டது. அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மொத்தமே 358 பிரிவுகள். அதில் 420 என்ற எண்ணே கிடையாது. பழைய 420 இப்போது 318ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு.

அந்தப் பழைய சட்டத்தின் வரைவை மெக்காலே ஆணையம் 1837இல் தந்தது. 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது இந்திய தண்டனைச் சட்டம். ஏமாற்றுதல் என்றால் என்ன என்று இலக்கணம் சொன்னது அதன் 415ஆம் பிரிவு. வெறுமனே ஏமாற்றினால் 417, ஓராண்டு வரை சிறை. ஆள்மாறாட்டம் செய்தால் 419. ஏமாற்றி, நம் கையாலேயே பணத்தையோ பொருளையோ எடுத்துக் கொடுக்க வைத்தால்தான் 420, ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். திருடன் நமக்குத் தெரியாமல் எடுக்கிறான். ஃபோர் ட்வென்டிக்கு நாமே எண்ணிக் கொடுக்கிறோம், சில சமயம் காபியும் கொடுத்து. பறிபோன பணத்தைவிட அந்த வெட்கம்தான் அதிகம் உறுத்துகிறது. வசையில் ஏறிய காரமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

415இன் கீழ் இருந்த உதாரணங்கள் குட்டிக் கதைகள் மாதிரி இருக்கும். வைரமே இல்லாததை வைரமென்று அடகு வைக்கிறவன், போலி மாதிரியைக் காட்டிச் சரக்கைத் தள்ளுகிறவன், அவுரிச் செடி தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு தர மனமில்லாதவன். பொருள்கள் மாறின, ஆசாமிகள் மாறவில்லை. ஏலச்சீட்டுப் பிடித்துவிட்டு இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்தவர், துபாய் விசா வாங்கித் தருவதாகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டவர், ஒரே மனையை மூன்று பேருக்குக் கிரயம் பேசியவர் என்று ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

தமிழில் இவர்களுக்குப் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. எத்தன், புரட்டன், பித்தலாட்டக்காரன் என்று வரிசையே உண்டு. நாமம் போடுவார்கள், காதில் பூச்சுற்றுவார்கள், அல்வா கொடுப்பார்கள். ஆனாலும் எண் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இந்திக்காரர்கள் அதைத் தங்கள் மொழியிலேயே 'சார் சௌ பீஸ்' என்கிறார்கள். நாம் மட்டும் நானூற்று இருபது என்று அரிதாகவே சொல்கிறோம், ஆங்கிலமாகவே உச்சரிக்கிறோம். கோர்ட்டு ஆங்கிலம் பேசியது, வக்கீல் குமாஸ்தா அதைத் தேநீர்க் கடைக்குக் கொண்டுவந்தார் என்பது என் ஊகம். வந்த பிறகு அது பெயர்ச்சொல்லாகவே மாறிவிட்டது. ஃபோர் ட்வென்டி வேலை, ஃபோர் ட்வென்டி பய, ஃபோர் ட்வென்டித்தனம்.

இந்தியில் அந்த எண்ணுக்கு ஒரு செல்லமும் சேர்ந்தது. 1955இல் ராஜ் கபூர் 'ஸ்ரீ 420' எடுத்தார், எண்ணுக்கு முன்னால் மரியாதை அடைமொழி! 1996இல் வந்த 'அவ்வை சண்முகி'யைக் கமல்ஹாசன் மறு வருடமே இந்திக்குக் கொண்டுபோனபோது பெயர் 'சாச்சி 420' ஆனது. வேடமிட்டு வீட்டுக்குள் நுழைந்த மாமிக்கு அங்கே வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்று குழப்பம் வேறு திசையிலிருந்து வருகிறது. கல்லூரிப் பிள்ளைகள் சிலரிடம் 420 என்றால் கஞ்சாவைச் சொல்கிறார்கள். 1971இல் கலிஃபோர்னியாவின் சான் ரஃபேலில் சில மாணவர்கள் மாலை 4.20க்குக் கூடுவதற்கு வைத்துக்கொண்ட குழூஉக்குறி, இணையம் ஏறி இங்கேயும் இறங்கிவிட்டது. தாத்தாவும் பேரனும் ஒரே எண்ணைச் சொல்லி வெவ்வேறு குற்றத்தை நினைக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம், ஏமாற்றுகிறவனுக்கு முகம் இல்லாமல் போனது. ஃபோர் ட்வென்டி என்று திட்ட எதிரே ஓர் ஆள் வேண்டும், அவன் தெரு, அவன் அப்பா பெயர் தெரிந்திருக்க வேண்டும். 2012இல் பெருந்துறைப் பக்கம் முதலீடு திரட்டிய ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோதுகூடப் போய் நிற்க ஓர் அலுவலக வாசல் இருந்தது. இப்போது கைப்பேசியில் ஒரு குரல் வருகிறது, காணொளியில் காக்கிச் சட்டை தெரிகிறது, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்கள். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் பயந்தவர் ஓய்வூதியச் சேமிப்பை அனுப்பிவிட்டு, பிறகுதான் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கிறார். யாரைத் திட்டுவது? அதனால்தானோ என்னவோ நம் பேச்சிலும் 'ஸ்கேம்' முந்துகிறது. அது ஆளைச் சொல்வதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறது. மழை பெய்தது என்பதுபோல ஸ்கேம் ஆகிவிட்டது.

இந்தியா கைவிட்டாலும், அந்த எண்ணைச் சட்டத்தில் வைத்திருந்த மற்ற நாடுகள் அதை விட்டுவிடவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மோசடிக்கு இன்றும் அதே 420தான். பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் அப்படியே. 1883இல் தனிச் சட்டம் கண்ட இலங்கையில் அது 403. இங்கேயும் 2024 ஜூலைக்கு முன் நடந்த மோசடியென்றால் பழைய எண்ணிலேயே விசாரணை. வாய்தா வாங்கும் வேகத்தைப் பார்த்தால் நம் நீதிமன்றங்களில் 420ஐக் கூப்பிடும் குரல் இன்னும் பல ஆண்டுகள் கேட்கும்.