நோவும் மருந்தும் மனமும்

கண்டியைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்காகக் கொழுந்துக் கூடை சுமந்தோர்க்கு முதுகுநோவு புதிதன்று. நாட்பட்ட நோவு வேறு மருந்துக்கு அடங்காதவிடத்து, வைத்தியர் சிலவேளை மோர்பின், டிரமடோல் போன்ற அபின் வகை மருந்துகளைக் கொடுப்பர்.

சில வாரங்களில் வீட்டார் ஒரு மாற்றம் காண்பதுண்டு. காலையில் அமைதியாயிருந்தவர் மாலையில் சீறுகிறார். பேரப்பிள்ளையின் சிரிப்பும் அவருக்குச் சுவைப்பதில்லை. குணம் கெட்டுவிட்டது என்பது அவசரத் தீர்ப்பு.

1975இல் ஸ்கொட்லாந்தின் அபடீன் நகரில் ஹியூஸ், கொஸ்டர்லிட்ஸ் என்னும் அறிஞர் இருவர், அபினை ஒத்த பொருள் மூளையிலேயே இயல்பாக உண்டென்று கண்டறிந்தனர். இத்தகைய பொருள்கள் நோவைத் தணிப்பதோடு மகிழ்ச்சியிலும் பங்குகொள்கின்றன. வெளியிலிருந்து வரும் மருந்தும் அதே இடங்களிற் சென்று பற்றுகிறது. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பின்னர் மருந்தின் வேகம் குறையுந்தோறும் வியர்வை, அமைதியின்மை, எரிச்சல் எழக்கூடும். நோவு தானே மனத்தைச் சோர்விப்பதும் உண்டு. எது எதனால் என்று பிரித்தறிய, மருந்துண்ட நேரத்தையும் சினம் எழுந்த நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தியரிடம் காட்டுதல் பெரிதும் உதவும்.

அஞ்சி மருந்தைத் திடீரென நிறுத்துதல் கூடாது. நோவும் கலக்கமும் முன்னிலும் மிகும். அளவைப் படிப்படியாகக் குறைப்பது வைத்தியரின் பொறுப்பு. சாராயத்தோடு இம்மருந்து சேரின் மூச்சே நின்றுவிடக்கூடும். தட்டியெழுப்பியும் விழிக்காதவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.