ஒரே கரையில் இருவர்

நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர், 25 ஆண்டுகள் கப்பலில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உலகத் துறைமுகங்கள் பலவற்றைக் கண்டவர். மனைவியோடு கடற்கரையில் நடந்தவரல்லர். அக்குறை தீர, இருவரும் அண்மையில் தனுஷ்கோடி முதல் கன்னியாகுமரி வரை சென்று வந்தனர். அவர்கள் உள்ளத்தில் நிலைத்தவை எவை என வினவினேன்.

அம்மையார் தனுஷ்கோடியைச் சொன்னார். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அவ்வூரில், கூரையிழந்த ஆலயச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. "வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்ட இரவுகளில் நான் உறங்கியதே இல்லை" என்று அங்கேதான் முதன்முறையாகக் கணவரிடம் கூறினாராம். அவர் மறுமொழி பேசாது மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார்.

கணவர் சொன்னது மணப்பாடு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகை அங்குள்ளது. கடலை நோக்கிய மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். அக்குன்றில் இருவரும் அமர்ந்திருக்க, தொலைவில் ஒரு கப்பல் மெல்ல மறைந்தது. "கரையில் இருப்பவருக்கு அது எப்படித் தோன்றும் என்பதை அன்றுதான் அறிந்தேன், சுவாமி" என்றார்.

குமரிமுனையில் 133 அடி உயர வள்ளுவர் சிலையையும் கண்டனர். ஆயினும் இருவருமே அதைப் பெரிதாகப் பேசவில்லை.

துணைவர் நின்ற இடத்தில் தாமும் நின்று பார்ப்பது இல்லறத்தில் அரிய பேறு. தம்பதியரே, நெடும்பயணம் இயலாவிடினும், அருகிலுள்ள கரை வரையேனும் சேர்ந்து நடவுங்கள்.