பழைய மொறிஸ் மைனரின் கியர்ப்பெட்டி ஓசையும் கிளச்சுக் கோளாறும்

எம் பழைய மாணவர் சிலரது வீட்டு முற்றத்தில் இன்றும் ஒரு மொறிஸ் மைனர் நிற்கின்றது. தந்தையார் ஓட்டிய வண்டி என்பதனாற் சிலர் அதனை விடாது காக்கின்றனர். விற்க மனமின்றியும் திருத்த வழியறியாதும் மூடிவைத்திருப்போரும் உளர். அவ்விருசாராருக்கும், இயந்திரத் தொழிலில் நாட்டமுள்ள மாணவருக்கும் பயன்படுமென எண்ணி இக்கட்டுரையை எழுதலானேன்.

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த இவ்வண்டி 1948 இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. 1956 இல் 948 கன சென்றிமீற்றர் எஞ்சினுடன் ‘மொறிஸ் மைனர் 1000’ வந்தது. 1962 இல் எஞ்சின் 1098 ஆகப் பெருத்தது. 1971 உடன் உற்பத்தி நின்றது. இலங்கை வீதிகளில் நாம் பெரிதும் காண்பது 1000 என்னும் இவ்வகையே. ஆதலின் ஈண்டுக் கூறுவனவும் அதற்கே உரியன.

முதலில் என் சொந்த இழப்பைச் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் லிங்கநகரிலுள்ள எம் வீட்டு வண்டியில், கியர் மாற்றுந்தோறும் தகரத்தைக் கல்லில் தேய்த்தாற்போல ஓர் ஒலி எழுந்தது. வெளியூர்க் கராஜ் ஒன்றிற் காட்டினேன். வண்டியைச் சற்றே ஓட்டிப் பார்த்தவர்கள், கியர்ப்பெட்டி முடிந்துவிட்டது என்றனர். வேறொரு பழைய வண்டியிலிருந்து பெட்டி எடுத்துப் பூட்டினர். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அதற்கே போயிற்று. வீட்டுக்குக் கொணர்ந்து மிதியை அழுத்தினேன், அதே ஒலி! பின்னர் முதியவரான மெக்கானிக் ஒருவர் வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, மிதியை மும்முறை அழுத்தி விடுத்து, சாவி ஒன்றையும் கையிலெடாமலே, “தம்பி, பெட்டி நல்லாத்தான் இருக்கு. உங்கட கால்தான் பிழை” என்றார். அவர் கூறியதன் பொருளை விளங்க அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

எஞ்சினின் பின்புறத்தே கனத்த சில்லொன்று சுழலும். அதற்கும் அமுக்கத்தட்டுக்கும் இடையே உராய்வுத்தட்டு வில்களின் வலியால் நெருக்குண்டு நிற்கும். மிதியை அழுத்தினால் நெருக்கம் நீங்கித் தட்டு தனித்து நிற்கும். இதுவே கிளச்சு. தட்டோடு பிணைந்த முதற்தண்டு கியர்ப்பெட்டிக்குள் நுழைகின்றது. அங்கே அது பக்கத்தண்டைச் சுழற்ற, பக்கத்தண்டின் பற்சில்லுகள் மூலத்தண்டிலுள்ளவற்றைச் சுழற்றுகின்றன. நான்காம் கியரில் மட்டும் முதற்தண்டும் மூலத்தண்டும் நேரே இணைந்து ஒன்றாகிவிடுகின்றன. அப்போது பக்கத்தண்டு சுமையின்றி வெறுமனே சுழலும்.

ஆகவே எத்தண்டு எப்போது சுழலும், எப்போது சுமை தாங்கும் என அறிந்தவனுக்கு, பெட்டியைத் திறவாமலே நோயின் இடம் புலப்படும். வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிடுக. மிதியில் கால் வையாதபோது கேட்கும் உறுமல், மிதியை முற்ற அழுத்தியதும் ஓய்ந்துபோனால், குற்றம் முதற்தண்டின் பெயாரிங்கிலோ பக்கத்தண்டின் ஊசி உருளைகளிலோ உளது. மிதியை அழுத்தியபோது அவை சுழற்சி நின்று மௌனமாகின்றன. அடுத்து வண்டியை ஓட்டுக. முதல் மூன்று கியர்களிலும் ஒலித்து நான்காவதில் அடங்கினால், குற்றம் பக்கத்தண்டினதே எனப் பெரும்பாலும் துணியலாம். ஒரே கியரில் மட்டும் ஒலித்தால் அக்கியரின் பற்களை ஐயுறுக.

ஆயின் முதற்கியரின் இரைச்சலையும் பின்செல்லும் கியரின் இரைச்சலையும் கேட்டு எவரும் அஞ்சற்க. அவற்றின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. புதிய வண்டியிலும் அவை இரைந்தன. மற்றவற்றின் பற்கள் சரிவாக வெட்டப்பட்டமையால் அமைதியானவை. இவ்வேறுபாட்டை அறியாது நல்ல பெட்டியை இறக்கியோர் பலர். இன்னொன்று: ஓடும்போது நடுநிலைக்கு மாற்றிய பின்னரும் வேகத்தோடு கூடிக் குறையும் ஒலி, பின்னச்சிலிருந்தோ சில்லின் பெயாரிங்கிலிருந்தோ வருவதாகலாம். அங்கே கியர்ப்பெட்டியைப் பழித்துப் பயனில்லை.

இனி என் வண்டியின் நோய்க்கு வருவோம். மிதியை அழுத்தும்போது பிறக்கும் ஒலி மேற்கூறியவற்றுக்கு நேர்மாறானது. மிதியின் தொடக்கத்தில் தடையின்றி அசையும் வெற்றிடம் உண்டு. அது முடிந்து, வில்லின் எதிர்ப்பு காலுக்குச் சற்றே தெரியும் அந்தக் கணத்தில் நிறுத்துக. அங்கேயே ஒலி தொடங்கினால் விடுவிப்பு வளையமே குற்றவாளி. மிதியை முற்ற அழுத்தி, கியரையும் பூட்டியபின் மட்டும் ஒலித்தால், முதற்தண்டின் நுனியைத் தாங்கும் வெண்கலப் புதர் தேய்ந்திருக்கலாம். மொறிஸ் மைனரின் விடுவிப்பு வளையத்திற் குண்டுகள் இல்லை. அது பென்சிற்கரி எனப்படும் காரீயத்தாலானது. போகலையிலும் கஹட்டகஹவிலும் நம் நாட்டார் வெட்டியெடுக்கும் அதே பொருளினம். தானே வழுக்கும் இயல்புடைய அவ்வளையம், மிதியைக் கியர் மாற்றும்போது மட்டும் தொடுவோர் கையில் நெடுங்காலம் வாழும். மிதியின்மேற் காலை ஓய்வாக வைத்து ஓட்டுவோர் கையிற் கரைந்து, ஈற்றில் அதைத் தாங்கும் இரும்புக் கிண்ணமே உரசத் தொடங்கும். நான் கேட்ட தகர ஒலி அதுவே. பெட்டியை மாற்றியவர்கள் பழைய வளையத்தையே மீளப் பூட்டியிருந்தனர். இருக்கையும் கம்பளமும் நடுமூடியும் நீக்கிப் பெட்டியை இரண்டாம் முறையும் இறக்கவேண்டியதாயிற்று.

என் கால் அப்பழக்கத்தை எங்கே கற்றது என எண்ணிப் பார்த்ததுண்டு. 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையைப் பாதையிலேயே கடந்தோம். வரிசையில் அடியடியாக நகர்ந்து, எஞ்சினை நிறுத்தாது, முதற்கியரிலேயே மிதியை அழுத்தியபடி காத்திருந்தோர் எத்தனை பேர்! நடுநிலைக்கு மாற்றிக் காலை எடுத்துவிட்டிருந்தால் எத்தனையோ வளையங்கள் பிழைத்திருக்கும்.

கிளச்சின் பிற கோளாறுகள் இரண்டு: வழுக்குதல், விடாது பற்றுதல். உவர்மலை ஏற்றத்தில் எஞ்சின் இரைந்து விரையவும் வண்டி விரையாதிருந்தால், தீய்ந்த மணமும் எழுந்தால், அது வழுக்கல். உடனே தட்டை மாற்ற முனையற்க. மிதியின் வெற்றிடத்தை அளந்து பார்க்க. ஓர் அங்குலமேனும் இல்லையெனில் தட்டு என்றும் முழு நெருக்கம் பெறாது. இவ்வண்டியின் கிளச்சு எண்ணெய் அமுக்கத்தாலன்றிக் கோல்களால் இயங்குவது; கோலின் திருகைத் தளர்த்துவது சில நிமிட வேலை. வெற்றிடம் சரியாயிருந்தும் வழுக்கினால் எண்ணெய்க் கசிவைத் தேடுக. கிளச்சு உறையின் அடியில் ஒரு துவாரமும் அதில் ஆடும் பிளவூசியும் உள. அவ்வூசி சேற்றில் இறுகிப்போனால், எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் வெளியேற வழியின்றித் தட்டை நனைக்கும்.

விடாது பற்றுதலை, முதற்கியரோ பின்கியரோ பூட்டும்போது எழும் நறநறப்பால் அறியலாம். நின்ற வண்டியில் மிதியை முற்ற அழுத்தி ஐந்து விநாடி பொறுத்துப் பின்கியரைப் பூட்டுக. அப்போதும் நறநறத்தால் தட்டு விடுபடவில்லை. கோல்களின் மூட்டுக்கள் தேய்ந்து மிதியின் அசைவு வீணாகின்றது. அமைதியாகப் பூட்டியும், ஓட்டத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் நறநறத்தால், வேகத்தை ஒப்பாக்கும் கூம்பு வளையம் தேய்ந்ததாகும். முதற்கியருக்கு அவ்வளையம் ஆதியிலேயே இல்லை. ஓட்டத்தில் அதனைப் பூட்ட முயல்வோர் தம் பிழையை வண்டிமேற் சுமத்தலாகாது.

எண்ணெய் பற்றி ஒரு சொல். கியர்ப்பெட்டி என்றதும் தடித்த கியர் எண்ணெயை ஊற்றுவோர் உளர். இப்பெட்டிக்குத் தயாரிப்பாளர் விதித்தது எஞ்சினுக்கிடும் 30 ஆம் தர எண்ணெயே. இரண்டேகால் பைந்து கொள்ளும். தடித்த எண்ணெய் சிலகாலம் உறுமலை மறைக்கும். கூம்பு வளையங்களையோ தம் தொழிலைச் செய்யவிடாது. விற்பதற்கு முன் ஊற்றும் தந்திரமும் இதுவே என்பர். பழைய வண்டி வாங்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்க.

துறைமுகத்தருகே வாழும் எமக்கு உப்புக்காற்று தனித் தொல்லை. மாரியில் இரு திங்கள் ஓடாது நின்ற வண்டியில் உராய்வுத்தட்டு துருவேறிச் சில்லோடு ஒட்டிக்கொள்வதுண்டு. மெக்கானிக் ஐயா அதற்குச் சொன்ன வழி எளியது: வண்டியை நிறுத்திவைக்குங்கால் மிதியை அழுத்தி, இருக்கைக்கும் மிதிக்கும் இடையே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட வேண்டும். எஞ்சின் ஓடாதபடியால் வளையம் தேயாது. அதற்கென அவர் வெட்டித் தந்த பூவரசங்கட்டை இப்போதும் எம் வண்டியின் பின்னிருக்கையிற் கிடக்கின்றது.